ஊசி படாத பைகள்

பரிசுப் பைகளின் வாயைக் கட்டும் நாடா நீலமாக இருப்பதா சிவப்பாக இருப்பதா என்ற கேள்விக்கு, வெள்ளவத்தையில் எங்கள் பாடசாலையின் போர்ச் சேவைக் குழு சென்ற செவ்வாய்க்கிழமை முடிவு கண்டது. விவாதம் தேநீரையும் தாண்டி நீடித்தது. கண் கலங்கியவர்களும் உண்டு. ஈற்றில் நீலம் வென்றது. இந்த உலக யுத்தத்தின் போக்கையே மாற்றக்கூடிய அத்தீர்மானத்தைச் செயலாளர் என்ற முறையில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது, கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஆள் வந்து, மனோன்மணி ரீச்சர் காலையில் இறந்துவிட்டார் என்றார். எழுந்து நின்றோம். அமர்ந்ததும் தலைவி கேட்டார்: "அப்ப, பசை இனி ஆர் காய்ச்சுறது?"

அந்தக் கேள்வியில் துக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ரீச்சரைத் தெரிந்தவர்களுக்கு அவர் ஊசியோடுதான் நினைவில் இருப்பார். சேலைத் தலைப்பில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். யுத்தம் வந்து துணியும் நூலும் அருமையாகித் தையல் வகுப்பு நின்றபோது, பை வேலை நடக்கும்வரை அவருடைய உத்தியோகமும் இருக்கும் என்று பாடசாலை மனேஜர் பெருந்தன்மையோடு அறிவித்தார். கோதுமை மா வந்த வெறும் துணிப் பைகளை, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சிப்பாய்களுக்கான அழகிய பரிசுப் பைகளாக்குவதே அந்த வேலை. நூலைச் சேமிப்பதற்காக ஒரு பையிலும் தையல் விழக்கூடாது என்று குழு விதித்தது. எல்லாம் ஒட்டியும் கட்டியுமே ஆகவேண்டும்.

"தையல் ரீச்சரிட்டை ஊசியைப் பறிச்சுப்போட்டு வேலை தாறியள்," என்று சிரித்தார் ரீச்சர்.

"பசைதானே? வீட்டிலையே காய்ச்சலாமெல்லோ?" என்றார் தலைவி. புதுக்கடை நீதிமன்றங்களில் பெயர்பெற்ற ஒரு புரொக்டரின் மனைவி அவர்.

"ஓம், காய்ச்சலாம். அடுப்பு இருக்கு."

பங்கீட்டுக் கூப்பனுக்கு அளந்து தரும் மா அவரிடம் மிச்சம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

ஒருமுறை பைகளை எடுத்துவரக் கொட்டாஞ்சேனையில் அவர் குடியிருந்த அறைக்குப் போனேன். பைகளைச் சவர்க்காரத்தில் அவித்து, அச்செழுத்து மங்கும்வரை தேய்த்துக் கொடியில் போட்டிருந்தார். தன்னுடைய பழைய சேலைக் கரைகளிலிருந்து பூக்களை வெட்டியெடுத்து, பின்பக்கம் பசை தடவி, பையில் வைத்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மினுக்கினார். அடுப்பில் இருந்த ஒரே சட்டியில் பசை கொதித்தது.

"இது கூப்பன் மாவோ?"

"வேறை என்ன, கடற்கரை மணலோ?"

"சோத்துக் கஞ்சியாலை ஒட்டலாமே, ரீச்சர்."

"கூப்பன் அரிசியிலை கஞ்சி எங்கை, மாஸ்டர்? கல்லெல்லோ வருது." சட்டியைக் கிண்டியபடியே சொன்னார்: "சோல்ஜருக்கு மாப் பை. பைக்கு மாப் பசை. எனக்கு மா வாசம்."

சாப்பிட்டாரா என்று கேட்டேன். இதை முடித்துவிட்டு என்றார்.

பைகளைப் பார்வையிட ஒரு வெள்ளைக்கார இராணுவ அதிகாரியின் மனைவி பாடசாலைக்கு வந்தார். ஒரு தையல்கூட இல்லையே என்று வியந்தார். தலைவி செய்முறையை விளக்கினார். நம்பாத அந்த அம்மா ஒரு பூவை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். அது அசையவில்லை.

"துரைசாணியின்ரை நகம்தான் போச்சு," என்று ரீச்சர் என் காதோடு சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வெயில் என்றார். அன்று மழைக்கால மப்பு.

டாக்டர் அவரைப் பார்த்தார். நோய் என்று தனியாக ஒன்றுமில்லை, உடம்பில் சத்தில்லை, வயிறாரச் சாப்பிடவேண்டும் என்றார். "நல்ல மருந்துதான். கூப்பனுக்குத் தாறாங்களில்லை," என்றார் ரீச்சர். அவருடைய மா முழுவதும் பசைக்குப் போகிறது என்பதைக் குழுவின் முன் வைத்தேன். குழு மிகவும் வருந்தியது. ரீச்சருக்கு ஒரு பரிசுப் பை அனுப்புவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. அதில் ஒரு சவர்க்காரக் கட்டியும் ஒரு கைக்குட்டையும், விரைவில் குணமடைய வாழ்த்தும் ஓர் அட்டையும் இருந்தன. பை அவரே ஒட்டியதுதான்.

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படுக்கையிலிருந்தே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பூவின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார்.

"வடிவா ஒட்டியிருக்கு, என்ன?"

"ஓம், ரீச்சர்."

"கைக்குட்டை எனக்குப் போதும். பையை நீங்கள் கொண்டுபோங்கோ. இஞ்சை இருந்தால் எனக்குப் பசிக்கும்."

அவர் கேலி பேசும்போது எங்களில் யாராவது சிரிப்பது வழக்கம். அன்று அந்த அறையில் நான் மட்டுமே இருந்தேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பை ஒன்றுதான். சேலைத் தலைப்பில் இருந்த ஊசி அவரோடு போய்விட்டது. பையை என் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். செத்தவீட்டால் வந்து லாச்சியை இழுத்துத் திறந்து பார்த்தேன். பூக்கள் கழன்று கிடந்தன. பசையைக் கரப்பான் பூச்சிகள் தின்றிருந்தன.