குருநகர் மீன் தராசில் ஒரு பற்றரி

சனிக்கிழமை காலை 7.10. உடுப்பிட்டிச் சந்தியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். தோள்பையில் கனடா ரோச் லைற். காதில் இன்னும் அக்காவின் குரல்: "தம்பி, சரியான பற்றரி இல்லாமல் இஞ்சாலை வராதை."

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. அத்தானுக்குக் கொழும்பில் வேலை. அக்கா எட்டு மணிக்கு நெல்லியடித் தையல் கடையில் நிற்க வேண்டும். அதனால் வெங்காயத் தோட்டத்துக்கு விடியமுன்னமே தனியாகத் தண்ணீர் இறைத்துவிடுவாள். போன செவ்வாய் பழைய ரோச் மங்கிப்போக, புடையன் பாம்புக்கு ஒரு சாண் தள்ளிக் காலை வைத்திருக்கிறாள். சின்னண்ணை கனடாவிலிருந்து கொண்டுவந்த புது ரோச்சோ மூன்று மாதமாக அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. பிளேனில் சூட்கேசுக்குள் விடமாட்டார்கள் என்று பற்றரியை மட்டும் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வந்த புத்திசாலி அவர்.

நான் இணுவிலிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்ததே இந்த வேலைக்காகத்தான். ரோச்சின் கழுத்தில் பற்றரியின் அளவு 18650 என்று பொறித்திருந்தது. பதினெட்டு மில்லிமீற்றர் தடிப்பு, அறுபத்தைந்து நீளம், கடைசிப் பூச்சியம் உருளை என்பதற்கு. இவ்வளவும் தெரிந்த என்னை யார் ஏமாற்றுவது என்ற நினைப்போடு பஸ் ஏறினேன். 28 கிலோமீற்றர், 130 ரூபா. வல்லை வெளியில் காற்று முகத்தில் அறைந்தது. 8.25க்கு நகரம்.

9.00. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை. "அண்ணை, இது 9900. உதைவிடப் பெரிசு யாழ்ப்பாணத்திலை இல்லை" என்றார் கடைக்காரர். எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதற்கான எண் அது. போட்டுப் பார்த்தேன், கண் கூசியது. 450 ரூபாவை நீட்டிவிட்டு, அக்காவைக் குளிர்விக்க நண்டு வாங்கலாம் என்று குருநகருக்கு ஓட்டோ பிடித்தேன்.

10.15. எனக்கு வழக்கமாக நண்டு தருகிற அன்ரன் அண்ணை கடற்கரையில் நின்றார். இரவில் நெற்றியில் லைற் கட்டிக்கொண்டு களப்புக் கடலில் இறால் பிடிப்பவர். பெருமையாக ரோச்சைக் காட்டினேன். அவர் பற்றரியைக் கழற்றி உள்ளங்கையில் ஒருதரம் தூக்கிப் போட்டுப் பிடித்துவிட்டு, மீன் தராசில் வைத்தார். 30 கிராம். தன் நெற்றி லைற்றின் பற்றரியை வைத்தார். 45.

"உதுக்குள்ளை மண்ணோ மாவோ, ஆருக்குத் தெரியும்? எழுத்தைப் பாத்து வாங்காதையும் தம்பி, பாரத்தைப் பாத்து வாங்கும். கடலுக்கை லைற் நூந்து இருட்டினால் நாங்கள் ஆரைக் கூப்பிடுறது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதைவிடப் பயம். இதை அல்லவா அக்காவின் கையில் கொடுக்க இருந்தேன்!

அவரே என்னை வலைச் சாமான் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே பற்றரிகள் ஒரு தராசுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. 3400 என்று எழுதிய ஒன்று 46 கிராம் காட்டியது. ரோச்சில் போட்டால் எரியவில்லை. நேர்முனை தட்டையாக இருந்ததால் உள்ளே முட்டவில்லை.

"ஈயத்தாள் மடிச்சு வைச்சால் எரியுந்தானே?" என்றேன்.

"ஐயோ, உந்த விளையாட்டு வேண்டாம். சூடாகி வெடிக்கும்" என்றார் கடைக்கார அக்கா. தலையில் குமிழ் உள்ள இன்னொன்றை எடுத்துத் தந்தார். 47 கிராம், 1450 ரூபா. எரிந்தது.

12.05 பஸ். இம்முறை எழுதிய எண்ணையும் நம்பவில்லை, தராசையும் நம்பவில்லை. ரோச்சை எரியவிட்டு மடியில் வைத்தபடியே இருந்தேன்.

"என்ன அண்ணை, வெய்யில் வெளிச்சம் காணாதோ?" என்றார் கொண்டக்டர். பஸ் முழுக்கச் சிரித்தது.

"வல்லை வெளி தாண்டட்டும், சொல்லுறன்" என்றேன்.

வல்லை வெளியும் தாண்டியது, உடுப்பிட்டியும் வந்தது. ரோச் மங்கவேயில்லை. அன்ரன் அண்ணையிடம் வாங்கிய நண்டையும் ரோச்சையும் அக்காவிடம் கொடுத்து, இரவு முழுதாகச் சார்ஜ் பண்ணச் சொல்லிவிட்டுப் பின்னேரமே இணுவிலுக்குத் திரும்பினேன். எங்கள் ஒழுங்கையில் கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. ரோச் எங்கே கிடக்கிறது என்பதே எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

திங்கள் காலை 5.40. அக்காவின் அழைப்பு. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"தம்பி, வரம்பிலை திரும்பவும் புடையன். பதினைஞ்சு அடி தள்ளி நிண்டே கண்டிட்டன். அது போகுமட்டும் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"பிறகு?"

"பிறகென்ன, மிச்சத்துக்கும் இறைச்சிட்டுத்தான் வந்தனான்."