மஞ்சள் பூசிய விண்ணப்பம்

பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தபோது, இரவிச்சந்திரன் எங்கள் சமையலறை மேசையில் ஒரு பெரிய கடித உறையின் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். டென்மார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, ஆராய்ச்சிப் பதவி கேட்டு அனுப்பும் உறை. கல்யாண அழைப்பிதழுக்குப் பூசுவதுபோல இதற்கும் பூசினால் காரியம் பலிக்கும் என்பது, மண் விஞ்ஞானத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவருடைய முடிவு.

என் கணவர் அருமைநாதன் போய்விட்டார் என்று சொன்னேன். மஞ்சள் விரலைக் கால்சட்டையில் துடைத்தார்.

"ஐயோ அக்கா! அண்ணை அந்தப் பேப்பரில கையெழுத்து வச்சிட்டாரோ?"

இருவரும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள். சேர்ந்து எழுதிய கட்டுரையை அனுப்பினால், அதில் விண்ணப்பிப்பவரின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று மற்றவர் கையெழுத்திட்டுத் தரவேண்டுமாம். டென்மார்க்காரர் கேட்ட பேப்பர் அது.

இரவிச்சந்திரன் வருடம் தவறாமல் விண்ணப்பிப்பவர். மெட்ரோவில் டேனிஷ் மொழிப் பாடக் கசெட்டைக் காதில் கேட்டுக்கொண்டு சத்தமாகத் திருப்பிச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். மூலைக்கடை டெபனருக்குப் போட்டோக்கொப்பி எடுக்கப் போவதென்றாலும் டை கட்டுவார். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிச் சான்றிதழையும் இணைப்பார். போன தடவை தேர்வுக்குழு அனுப்பிய மதிப்பீட்டில், இவருடைய சொந்த ஆய்வு எதுவென்று விளங்கவில்லை என்று இருந்தது. அதை விட்டுவிட்டு, விண்ணப்பம் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளது என்ற வரியை மட்டும் கோயில் அன்னதானத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "பாத்தியளே, வெள்ளைக்காரனே மெச்சியிருக்கிறான்!"

அந்தக் கட்டுரைக்காகக் கோடை முழுதும் நுளம்புக்கடியில் மண் தோண்டியவர் என் கணவர். இவர் வெயில் தணிந்தபின் வந்து போத்தல்களில் பெயர் ஒட்டினார். தன் பங்கு எண்பது என்று பென்சிலால் எழுதி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் நீட்டினார்.

"எண்பதோ? இருவது எண்டு எழுதிக்கொண்டு வாடாப்பா, வைக்கிறன்" என்று என் கணவர் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். இவர் பேப்பரைக் கட்டிலருகே விட்டுவிட்டு வந்தார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு இரவிச்சந்திரன் வந்தார். படைத்த சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவியதும், ஆஸ்பத்திரிச் சாமான்களோடு திரும்பி வந்திருந்த அதே பேப்பரை எடுத்து என் முன் விரித்தார்.

"அவற்ற கையெழுத்து உங்களுக்குப் போடத் தெரியும்தானே, அக்கா. டென்மார்க்கில ஆர் கண்டது? அண்ணைக்கு இனி என்னத்துக்குப் பங்கு?"

"அவற்ற பேர் அச்சில வந்தது இந்தக் கட்டுரை ஒண்டிலதான், தம்பி" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து அழிரப்பரை எடுத்து எண்பதை அழித்து, தூளை ஊதினார். பிறகு பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி, மீன்கடையில் அடுத்த விலைக்குக் காத்து நிற்பவரைப்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழித்த இடத்தில் அவர் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.