பாஸ் என்று காட்டிய பதினோரு நிமிடம்

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தேர்வு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அங்கே கணினி ஆய்வகத்தில் ஓர் அக்கா உதவியாளராக இருந்தார். ஒல்லியான உருவம், காதோரம் நரை. யார் பாடம் நடத்தினாலும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று குறிப்பெடுப்பார். அதே கல்லூரியில் படித்து, ஒரே ஒரு கணக்குத் தாள் தேறாததால் பட்டம் வாங்காமல் போனவர்.

ஒரு நாள் மதியம் என்னிடம் வந்தார்.

“ஏனுங்க சார், நம்ம பரீட்சை சாப்ட்வேர்ல பதிவு நம்பர் கேக்கற எடத்துல, டேட்டாபேஸுக்குப் போடற எஸ்க்யூஎல் கட்டளையை அடிச்சா அப்படியே கேட்டுக்குதுங்க. மார்க்கையே மாத்தலாமுங்க.”

“யார் மார்க்கை மாத்துனீங்க?”

“எம்படதுதானுங்க. பாஸ்னு வந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் பழையபடியே போட்டுட்டனுங்க.”

அவர் குரலில் பயமே இல்லை. அன்றே அந்த ஓட்டையை அடைத்தேன். அவருடைய மதிப்பெண் பதினோரு நிமிடம் மாறியிருந்ததை மென்பொருளின் பதிவு காட்டியது. முதல்வருக்கு அனுப்பிய அறிக்கையில், ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அக்காதான் என்று எழுதினேன். அந்தப் பதினோரு நிமிடத்தை எழுதவில்லை. அவ்வளவு நேரம் அந்தத் திரையில் அவர் என்னவெல்லாம் பார்த்தார் என்று கேட்க, கடைசிவரை எனக்குத் துணிவு வரவில்லை.