பேய் விருந்துக்கு நான் போட்ட பந்தல்

எண்பதுகளில் பினாங்குத் தீவில் நம் ஆட்கள் நாலு பேர் எங்கே கூடினாலும் அவர்கள் தலைக்கு மேல் நிழல் கொடுத்தவன் நான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோயில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் என் பந்தல், என் நாற்காலி, என் அண்டாதான். படிப்பு தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. இன்றைக்கும் பத்திரிகையை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் என் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன். அந்தப் படிப்பை எந்தப் பள்ளியிலும் கொடுப்பதில்லை.

என் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. என்னிடம் இரண்டு செட் சாமான் இருந்தது. ஒன்று கல்யாணச் செட்: சிவப்பும் மஞ்சளுமாக மேல்துணி, ஜரிகை வைத்த ஓரம். இன்னொன்று சாவு வீட்டுச் செட்: வெள்ளைத் துணி, நீல ஓரம், சாம்பல் நிற நாற்காலிகள். இரண்டுக்கும் தனித்தனிக் கொட்டகை. சாவு வீட்டுக்குப் போன ஒரு நாற்காலியைக்கூட நான் கல்யாண வீட்டுக்கு அனுப்பியதில்லை. மற்ற பந்தல்காரர்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு அனுப்பினார்கள். நான் செய்யவில்லை. அதனால்தான் பெரிய வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

அப்படித்தான் ஒரு வக்கீல் வீட்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக உத்தியோகம். வக்கீலின் தகப்பனார் இறந்தபோது நான்தான் பந்தல் போட்டேன். கொட்டுகிற மழையில் கம்பு நட்டு முடித்து நின்றேன். வக்கீலின் மனைவி, அவரை எல்லாரும் வக்கீல் அம்மா என்றுதான் சொல்வார்கள், வந்தவர்களுக்கெல்லாம் பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தார். எனக்குக் காலிப் பால் டின்னில் ஊற்றிப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். நான் குடித்தேன். சூடாக இருந்தது, குளிருக்கு நன்றாகத்தான் இருந்தது. மறக்கத்தான் இல்லை.

சில வருஷம் கழித்துத் தண்ணீர்மலைப் பக்கம் பழைய பங்களா ஒன்றை வாங்கினேன். வெள்ளைக்காரன் கட்டிய வீடு. முன்னால் புல்தரை, இருநூறு பேர் உட்காரலாம். வாங்கிய செய்தி பரவியதும் அந்த வக்கீல் அம்மா மோட்டார் காடியில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றவே இல்லை.

காட்டு விலங்குகளைக் காப்பாற்றும் சங்கம் ஒன்றுக்கு அவர் செயலாளராம். புலியும் ஆமையும் அழிகிறதாம். பணம் திரட்ட ஹாலோவீன் விருந்து நடத்த வேண்டும், மண்டபம் சரியாக அமையவில்லை, உம்முடைய வீட்டு வளவைத் தாரும் என்றார்.

"ஹாலோவீன்னா என்னங்கம்மா?"

"வெள்ளைக்காரரிண்ட பேய்த் திருநாள். எல்லாரும் பேய் வேஷம், மிருக வேஷம் போட்டுக்கொண்டு வருவினம். உமக்கு விளங்காது."

"சீனவங்க ஏழாம் மாசம் பேய்க்குச் சாப்பாடு வைக்கிற மாதிரியா?"

"அப்பிடி வைச்சுக்கொள்ளுமன்."

ஐம்பது வயதுக்காரன் என்னை நீர், உமக்கு என்றார். அவர்கள் பேச்சில் அது வீட்டு வேலைக்காரனுக்கும் சின்னப் பையனுக்கும் போடுகிற மரியாதை. போகட்டும் என்று சம்மதித்தேன். இடம், பந்தல், சாப்பாடு எல்லாம் என் செலவு என்றும் சொன்னேன். ஊரில் பெரிய மனிதர் என்று பெயர் வாங்கியவர்கள் எல்லாரும் என் வீட்டுப் படியேறுவார்கள். அதற்கு அந்தச் செலவு எனக்குத் தூசு. விருந்து நடத்துகிறவன் நான். வாசலில் நின்று வரவேற்கப்போகிறவர்கள் நானும் என் மனைவியும். அப்படித்தான் நினைத்தேன்.

பந்தலுக்கு மேல்துணி கறுப்பாக இருக்க வேண்டும், பயமாக இருக்க வேண்டும் என்று கேட்டார். கறுப்புத் துணி புதிதாகவே வாங்கினேன். பூசணிக்காயில் கண், மூக்கு வெட்டி விளக்கு வைக்கச் சொன்னார். பாசாரில் கிடைத்த பூசணியெல்லாம் வாங்கி வெட்டினோம். என் ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. "தவுக்கே, திருஷ்டிப் பூசணிக்குக் கண்ணு வேற வச்சாச்சு, இனிமே அது நம்மளப் பார்த்துப் பயப்படும் லா" என்றான் ஒருவன். முதலாளியை இங்கே தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள்.

விருந்தன்று காலையில் என் மனைவி புதுப்பட்டு கட்டி, வெள்ளித் தட்டில் சந்தனமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பேய் வேஷத்தில் வருகிறவனுக்குச் சந்தனம் எங்கே பூசுவது என்று அவளே கேட்டுக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அப்போது வக்கீல் அம்மா ஏற்பாட்டைப் பார்வையிட வந்தார். தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். கூப்பிட்டது பக்கம்தான், பேசியது ஊருக்குக் கேட்கும் குரலில்.

"இஞ்சேரும், ஒண்டு சொல்ல வேணும். இண்டைக்கு ஈப்போவில இருந்து என்ர மகளைப் பாக்க வருகினம். பெடியன் டொக்டர். தாய் நேரில பாத்துப் பிடிச்சால் இண்டைக்கே முடிவு சொல்லுவா."

"ரொம்ப சந்தோசம்மா."

"அதுதான் சொல்லுறன். உம்மட மனிசி வாசலுக்கு வர வேண்டாம். குசினியில நிக்கட்டும். பிள்ளை குட்டி இல்லாத முகத்தில முழிச்சு நல்ல காரியம் பேச ஏலாது. நீர் கோவிக்கப்படாது."

என் மனைவிக்கு வயிற்றில் தங்கிய பிள்ளை ஒன்றுகூட மடியில் தங்கவில்லை. அது இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வீட்டில் கட்டும் பருத்திச் சேலையில் இருந்தாள். நேராக அடுப்படிக்குப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மண்டை ஓட்டையும் எலும்புக்கூட்டையும் ஊரெல்லாம் தேடி வாங்கி என் மாமரத்தில் தொங்கவிட்ட பெண்மணிக்குச் சகுனம் வேண்டுமாம்! சரி, வேண்டுமென்றால் கொடுத்துவிடலாம். கேட்டதைக் கொடுப்பதுதானே என் தொழில்.

"சரிங்கம்மா" என்றேன்.

அவர் காடி வெளியே போனதும் ஆட்களைக் கூப்பிட்டேன். கறுப்புத் துணியைப் பக்கவாட்டில் கட்டச் சொன்னேன். மேலே சாவு வீட்டு வெள்ளையைப் போடச் சொன்னேன். நாற்காலியும் அந்தக் கொட்டகையிலிருந்துதான்.

என்னோடு பல வருஷம் இருந்த மேஸ்திரி தலையைச் சொறிந்தான். "அண்ணே, அது போன வாரம்தான் பாகான் டாலாம்ல ஒரு வீட்டுல இருந்து வந்துச்சு. இன்னும் துவைக்கக்கூட இல்ல."

"அதான் வேணும். போடு."

மத்தியானம் பிடித்த மழை சாயங்காலம் விட்டது. விளக்கேற்றும் நேரத்தில் வக்கீல் அம்மா வந்து மேலே பார்த்தார். "கறுப்பெண்டெல்லோ சொன்னனான்?"

"கறுப்புன்னா வெளிச்சத்தையெல்லாம் உறிஞ்சிடும்மா. வெள்ளைதான் பேய் மாதிரி தொங்கும்."

துணி காற்றில் அசைவதைப் பார்த்தார். "ஓம், வடிவாத்தான் இருக்கு" என்றார். மாமனார் கிடந்த மூன்று நாளும் அதே துணிக்குக் கீழே உட்கார்ந்து அழுதவர். துணியை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

ஏழு மணிக்குக் கூட்டம் வந்தது. நான் வாசலில் தனியாக நின்று வரவேற்றேன். ஒரு பல் டாக்டர் எலும்புக்கூடாக வந்தார். வங்கி மானேஜர் கரடியாக வந்து வேர்த்துக் கொட்டினார். பேராக்கில் தோட்டம் நடத்திய வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் சங்கத் தலைவர். அந்தக் காலத்தில் நாலு புலியைச் சுட்டவராம், இப்போது புலிக்காக உண்டியல் குலுக்கினார். வக்கீல் புலி வேஷத்தில் வந்திருந்தார். மஞ்சள் துணியில் வரி போட்டு, பின்னால் பஞ்சடைத்த நீள வால். "என்ன காணும், பயமா இருக்கோ?" என்று என் வயிற்றில் குத்தினார். வந்தவர்களில் ஒருத்தர், "வேஷம் போடாமலே வந்துட்டீங்களே. பரவால்ல, இருட்டுல உங்களுக்குத் தேவைப்படாது" என்று என் நிறத்தைப் பார்த்துச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

வக்கீல் மகளுக்குப் பேய் வேஷம் போடவில்லை. மான் வேஷம். பழுப்புப் பட்டில் தங்கப் புள்ளி, தலையில் சின்னக் கொம்பு. அழகான பெண்தான், பொய் சொல்லக்கூடாது. ஈப்போப் பையன் வௌவால் மாதிரி கறுப்புப் போர்வையோடு வந்தான். இரண்டு பேரும் பூசணி விளக்குப் பக்கம் நின்று ஏதோ பேசிச் சிரித்தார்கள். பையனின் தாயார் காஞ்சிபுரம் சேலையில், நெற்றி நிறைய விபூதியோடு, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வக்கீல் அம்மா. காரியம் கனிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

நான் ஐஸ் போட்ட சிராப் தண்ணீரை என் கையாலேயே கொண்டுபோய் நீட்டினேன். அந்தத் தாயார் எடுத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"பந்தல் நல்ல வடிவு. ஆர் போட்டது?"

"இவர்தான். இவற்ற வளவுதான் இது" என்றார் வக்கீல் அம்மா, வேண்டா வெறுப்பாக.

"அப்ப கலியாணத்துக்கும் இவரையே பிடிச்சுவிடலாமே" என்றார் தாயார். சொல்லிவிட்டு வக்கீல் அம்மாவின் கையைப் பிடித்தார்.

சம்மதம் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். வக்கீல் அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீர் கீழே விழுவதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

"தாராளமா போடுறேம்மா. ஆனா கல்யாணத்துக்கு இந்தத் துணி வராது. அதுக்குச் செட் வேற இருக்கு. இது சாவு வீட்டுக்கு மட்டும் போறது."

தாயார் கையை எடுத்துவிட்டார். "என்ன சொல்லுறியள்?"

"பேய் விருந்துதானே, பயமா இருக்கணும்னு இந்த அம்மா கேட்டாங்க. போன வாரம் ஒரு வீட்டுல பொணத்துக்கு மேல இருந்த துணி. நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் அங்க போனதுதான். இவங்க மாமனார் கிடந்தப்பவும் இதேதான். என்னம்மா, ஞாபகம் இல்ல?"

வக்கீல் அம்மா மேலே பார்த்தார். அப்போதுதான் அந்த நீல ஓரம் அவர் கண்ணில் பட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் அந்த ஓரத்தையே பார்த்தார். அந்தத் தாயார் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எழுந்தார். சேலையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், நாற்காலியில் பட்டது உடம்பில் ஒட்டிவிடும் போல. சிராப் டம்ளரைப் புல்லில் வைத்தார். மகனைப் பார்த்து, "வா தம்பி" என்றார். பையன் விழித்தான். "வா எண்டுறன்!" வௌவால் தாயின் பின்னால் போயிற்று. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

புலி வேஷத்தில் வக்கீல் பின்னாலேயே ஓடினார். வால் காலில் தட்டியது. அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காடிக் கண்ணாடியைத் தட்டினார். "அக்கா, இது சும்மா விளையாட்டு, அந்த ஆள் ஒரு பட்டிக்காட்டான், கேளுங்கோ அக்கா..." கண்ணாடி இறங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சீன விருந்தாளிகள் அதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கை தட்டினார்கள். வெள்ளைக்காரக் கிழவர் உண்டியலைக் குலுக்கினார்.

மான் கொம்போடு அந்தப் பெண் விளக்குப் பக்கத்திலேயே நின்றாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவளே விளங்கிக்கொண்டு கொம்பைக் கழற்றினாள்.

வக்கீல் அம்மா என் முன்னால் வந்து நின்றார். அப்போதும் உத்தியோகத் தோரணை போகவில்லை.

"என்ர பிள்ளை உமக்கு என்ன செய்தவள்?"

"ஒண்ணும் செய்யலம்மா. தங்கமான பொண்ணு."

"பிறகேன்? சொல்லும், பிறகேன்?"

"என் பொஞ்சாதி உங்களுக்கு என்ன செஞ்சா?"

என்னால் அவரைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருக்க முடியும். அவ்வளவு நிறைவாக இருந்தது எனக்கு. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. சம்பந்தம் அத்தோடு அறுந்தது, மறுபடி ஒட்டவே இல்லை. அந்த வருஷம் தீவில் வேறு யாரும் அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வரவில்லை என்றும் கேள்விப்பட்டேன். விலங்குகளுக்கு நல்ல பணம் சேர்ந்ததாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அன்று முடித்துவைத்தது நான் இல்லை. குசினி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். அடுப்புக் கரி ஒட்டிய பருத்திச் சேலை. கையில் ஒரு வாளித் தண்ணீர், இன்னொரு கையில் துடைப்பம். விருந்தாளிகளுக்கு நடுவே, பேய்களும் கரடிகளும் வழிவிட, நேராக நடந்து வந்தாள். வக்கீல் அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஈப்போத் தாயார் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தாள்.

பிணம் தூக்கிப் போன வீட்டில் பெண்கள் எப்படிக் கழுவுவார்களோ அப்படி, புல்தரை என்றும் பார்க்காமல் அந்த இடத்திலிருந்து வாசல் பக்கமாகத் தண்ணீரை வீசினாள். தண்ணீர் வக்கீல் அம்மாவின் பட்டுக் கரையை நனைத்து, செருப்புக்குள் புகுந்து ஓடியது. அவர் நகரவில்லை. என் மனைவி குனிந்து, அவர் காலைச் சுற்றிலும் துடைப்பத்தால் தள்ளித் தள்ளிக் கழுவினாள். ஒரு பூச்செடிச் சட்டியைச் சுற்றிப் பெருக்குகிற மாதிரி, பதறாமல்.

கடைசியில் அவர்தான் காலைத் தூக்கி வைத்தார்.