நேர்ந்துவிட்ட சேவல்

பக்கத்துக் காம்பிரா வேலு மாமா தம் சேவலை எனக்குத் தந்தபோது, என் நகைச்சுவைக்குக் கிடைத்த பரிசு என்றே நம்பினேன்.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்களை ஒட்டிய அந்த ஒற்றை அறையில் அவரும் அவர் மனைவியான அத்தையும் மட்டும்தான். பாரிசவாதத்தில் விழுந்த அத்தையை இரண்டு வருடமாக அவரே குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டார். யாரையும் உதவிக்கு விடமாட்டார்.

“எனக்குப் பொறகு இவள யாரு பாப்பா?” என்பார்.

“நான் பாக்குறேன் மாமா, சோறு மட்டும் போடுங்க” என்று சிரிக்கவைப்பேன்.

சேவலைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் மாறியது. “ஏங்க, இது மாடசாமிக்கு நேந்துவிட்டதுங்க. திருவிழாவுக்கு உசுரோட இருக்கப்போற மனுசன் இதக் குடுப்பாரா?”

 சேவலைக் கீழே விடக்கூடத் தோன்றாமல் ஓடினேன். ஒரு செருப்பு சாக்கடைக் கானில் விழுந்தது. கதவை இடித்துக்கொண்டு அதிகம் கத்தியது நானா சேவலா என்று லயத்தில் இன்னும் தகராறு.

மாமா கதவைத் திறந்தார். உள்ளே அத்தைக்குப் புதுச்சேலை கட்டியிருந்தது.

“ரெண்டு பேரும் ஒண்ணா போயிரலாம்னு இருந்தேன்யா” என்று அழுதார். “இவளத் தனியா உட்டுட்டுப் போனா பாவமில்லையா?”

கட்டிலிலிருந்து அத்தை குழறினார்: “நான் எப்பங்க போறேன்னேன்? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

மாமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அத்தையையும் தன்னோடு கொண்டுபோவதை அன்பு என்றுதான் அந்த மனிதர் நினைத்திருந்தார்.

அன்றே மாமாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் வீடு திரும்பிவிட்டார்; இப்போது காலையில் என் மனைவி, மாலையில் நான் என்று அத்தையைப் பார்த்துக்கொள்கிறோம். சேவல் மறுபடியும் மாமாவிடமே இருக்கிறது.

அத்தைக்குச் சாக விருப்பமில்லை. இரண்டு வருடமாக அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நானும்தான்.