எந்தப் போனுக்கு எழுதுவது

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கொம்பியூட்டரில் என்ன எழுதுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் போனுக்கு எழுதுவது என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முடிவெடுத்த அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன்.

என் கணவருக்கு மறதி வந்து மூன்றாவது வருடம் அது. கனடாவில், ரூஜ் என்ற இடத்தில் மகளின் வீட்டில் இருந்தோம். கதவைத் திறந்துகொண்டு தன்பாட்டில் போய்விடுவார். இரண்டு முறை பொலிஸ்காரர் கூட்டிவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் நேர்ஸ் பிள்ளை, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: "இன்னொருக்கா இப்பிடி நடந்தா இவரை வீட்டில வச்சிருக்கேலாது அன்ரி. வயசுபோனாக்களைப் பாக்கிற ஹோமுக்குத்தான் எழுதுவினம்."

"என்ரை அப்பாவை நான் ஒரு இடமும் விடமாட்டன்" என்றாள் மகள்.

அந்த நேரம் மார்க்கம் நகரில் அவள் வேலை செய்த கந்தோரில் ஆட்களைக் குறைத்திருந்தார்கள். அவளும் வீட்டில் நின்றாள். சும்மா இருக்காமல், அப்பாவுக்கு ஒரு செயலி செய்கிறேன் என்று தொடங்கினாள். அவர் எங்கே நிற்கிறார் என்று அவளுடைய போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். தெரு முனையைத் தாண்டினால் அவருடைய போனில் அவள் குரல் கேட்கும்: "அப்பா, நில்லுங்கோ. நான் வாறன்." விற்கிற செயலிகள் இருக்கின்றனவாம். ஆனால் அவர் மகளின் குரலுக்குத்தான் நிற்பார். அது உண்மை.

அவளோடு முன்பு வேலை செய்த ஒருவர் உதவிக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது இரண்டு பேரும் வாக்குவாதப்பட்டுக் கொண்டிருந்தார்கள்.

"ஐபோனுக்கு மட்டும் எழுதினா அன்ட்ரொயிட்காரர் என்ன செய்யிறது? ஒருக்கா எழுதி ரெண்டிலையும் ஓடவிடு. நாளைக்கு வேறை சனமும் பாவிக்கும்."

"சனம் பிறகு பாப்பம். எனக்கு இப்ப ஒரேயொரு கஸ்ரமர்தான்."

"அதுவும் காசு தராத கஸ்ரமர்" என்று அவர் சிரித்தார்.

சோபாவில் இருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார். ஊரில் கடை வைத்திருந்தவர். "ஆர் கஸ்ரமர்? கடை பூட்டியாச்சு, நாளைக்கு வரச்சொல்லு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அவருடைய போன் பழைய அன்ட்ரொயிட். மகள் பாவித்துவிட்டுக் கொடுத்தது. "உந்தப் பழசு பற்றறியை மிச்சம் பிடிக்கிறன் எண்டு ஓடுறதையெல்லாம் நிப்பாட்டிப் போடும். அவர் றோட்டில நிக்கேக்கை செயலி நித்திரை கொண்டா?" என்று மகள் கேட்டாள். தன்னிடம் இருப்பதைப் போல ஒரு புது ஐபோனை அவருக்கு வாங்கி, அதற்கு மட்டும் எழுதுவதென்று முடிவெடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, புதுசைக் குடுத்தா அப்பா வச்சிருப்பார் தானே?"

வைத்திருக்க மாட்டார். எனக்குத் தெரியும். பழைய போனின் உடைந்த மூலையைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருப்பார். புதிதாகக் கொடுத்த மூக்குக் கண்ணாடியை யாருடையதோ என்று பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தவர். உதவிக்கு வந்த அந்த அந்நிய ஆணும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் தேத்தண்ணித் தட்டு. அவர்கள் பேசிய பெரிய பேச்சுக்குள் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஓம், பழகுவார்" என்றேன்.

இரண்டு மாதம் இருந்து எழுதினாள். பழைய போனின் சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டுக் கொடுத்தாள். முதல் நாளே அவர் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, "உது ஆற்றை? உடையவனிட்டைக் குடு" என்றார். மூன்றாம் நாள் வெளியே நீலக் குப்பைத்தொட்டிக்குள் பேப்பர்களோடு கிடந்ததைக் கண்டெடுத்தேன். மகளுக்கு அப்போதுதான் புது வேலை கிடைத்திருந்தது. போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் புள்ளியைக் காட்டிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வேன்? பழைய போனை அவரிடமே கொடுத்துவிட்டு, புதியதைத் துடைத்து, பருத்திச் சேலை ஒன்றில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். சார்ஜ் இறங்க விடாதேங்கோ என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் அவள் வேலைக்குப் போனதும் தினமும் அலுமாரிக்குள்ளேயே வயரைக் கொடுத்து ஏற்றினேன். அந்த ஒன்றை மட்டும் தவறாமல் செய்தேன். பழையதை அவர் கையில் கண்டாலும், புதியது சட்டைப்பையில் இருக்கிறதென்றே மகள் நினைத்தாள்.

"பாத்தீங்களே அம்மா, அப்பா இப்ப ஒரு இடமும் போறேல்லை" என்பாள்.

மாசி மாதம், மத்தியானம். பேஸ்மென்டில் உடுப்புத் தோய்த்துவிட்டு மேலே வந்தேன். முன்கதவு திறந்து கிடந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தேன். ஸ்னோ விழுந்து காலடிகூடத் தெரியவில்லை. மகளுக்குப் போன் அடித்தேன்.

"பதறாதேங்கோ. புள்ளி வீட்டிலதான் நிக்குது. கராஜுக்குள்ளை பாருங்கோ. நில்லுங்கோ, நான் அவருக்கு அடிக்கிறன்."

அலுமாரிக்குள் போன் அடித்தது. நான் அதன் முன்னால் நின்று, அது அடித்து ஓயும்வரை கேட்டேன். மகள் திரும்ப எடுத்து, "அப்பா எடுக்கேல்லை, நித்திரை போல. நல்லாத் தேடுங்கோ" என்றாள். சரி என்றேன். போய்க் கராஜுக்குள்ளும் தேடினேன். அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே தேடினேன். அரை மணித்தியாலம் கழித்துத்தான், "அவர் வீட்டில இல்லைப் பிள்ளை, பொலிஸுக்கு அடி" என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. போனைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை.

ஸ்னோ தள்ளும் வண்டிக்காரர் ஒருவர் பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டிருக்கிறார். காலில் வீட்டுச் செருப்பு. கையில் பழைய போன். வலது காலில் குளிரில் விறைத்துக் கறுத்துப்போன மூன்று விரல்களை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேராக ஹோமுக்குப் போனார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் அந்த நண்பரும் அதே மேசையில் இருந்து, எழுதியதை வரிவரியாகப் பார்த்தார்கள்.

"நான்தான் பிழை விட்டனான்" என்றாள். "நீங்கள் சொன்ன மாதிரி ரெண்டுக்கும் எழுதியிருக்க வேணும்."

"இதில ஒரு பிழையும் இல்லை. திரும்பத் திரும்பப் பாத்திட்டன்" என்றார் அவர்.

அவள் அழத் தொடங்கினாள். நான் தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போனேன். புதுப் போனைச் சேலையோடு எடுத்துவந்து மேசையில் வைத்து அவிழ்த்தேன். சார்ஜ் நிறைய இருந்தது.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள்.

"நீ குடுத்த மூண்டாம் நாளில இருந்து."

"அண்டைக்கு உங்களைக் கேட்டனான் அம்மா."

"ஓம்" என்றேன்.

அவள் கொம்பியூட்டரை மூடினாள். நண்பர் எழுந்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனார். தேத்தண்ணியை யாரும் தொடவில்லை.

ஞாயிறுகளில் மகள்தான் என்னை ஹோமுக்குக் காரில் கூட்டிப்போகிறாள். வழியில் றேடியோவைப் போட்டுவிடுவாள். அங்கே ஒவ்வொரு கதவுக்கும் இலக்கம் அமர்த்தித் திறக்கிற பூட்டு. அவர் ஜன்னலோரத்தில், பழைய போனின் மூலையைத் தடவிக்கொண்டு இருப்பார். மகள் அவருக்குச் சோறு ஊட்டுவாள். போனைத் தடவும் அந்தக் கையை மட்டும் பார்க்க மாட்டாள்.