இரண்டு தளவாய்களுக்கு ஒரு முகம்

என்னோடு பள்ளியில் படித்த மாரீஸ்வரி, பழனிசெட்டிபட்டியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பதினோரு வருடமாக டிசைன் போடுகிறாள். காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, சுற்றுப்பட்டில் பாதி போர்டு அவள் செய்ததுதான். கணவன் விபத்தில் இறந்தபின் வீட்டில் அவளும் அப்பா தவசியும் மட்டும். தவசி தேனி மார்க்கெட்டில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். ஒருமுறை மூட்டைக் கொக்கி தவறி நெற்றியைக் கிழித்ததில் புருவம் வரைக்கும் தழும்பு.

எட்டு வருடத்துக்கு முன் கரட்டூர்க்காரர்கள் கடைக்கு வந்தார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்திய அவர்களுடைய படைத்தலைவர் கட்டாரிமுத்துத் தளவாய்க்குத் திருவிழா போர்டு வேண்டும். தளவாயின் வாள் இருக்கிறது, படம் இல்லை.

"சினிமாக்காரன் மூஞ்சி வேண்டாம் தாயி. நம்ம மண்ணு மூஞ்சியா இருக்கணும்" என்றார் சீனிச்சாமி. அவர்தான் விழா கமிட்டித் தலைவர்.

ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள். ரேஷன் கார்டுக்காக ஸ்கேன் செய்த அப்பாவின் படம் கம்ப்யூட்டரில் கிடந்தது. நரையைக் கறுப்பாக்கி, முறுக்குமீசை வைத்து, குதிரைமேல் ஏற்றினாள். தழும்பை அழிக்கவில்லை, போர்க்காயம் மாதிரி இருந்தது. சீனிச்சாமி திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "அப்படியே இருக்காக."

இரண்டு வருடம் கழித்து ஆத்துமேட்டுப்பட்டிக்காரர்கள் வந்தார்கள். கட்டாரிமுத்துவோடு மோதிய செங்காளப்பன் தளவாய் இவர்களுக்குச் சாமி. இவர்களுக்கும் நடிகர் முகம் ஆகாது. அன்றைக்கு வேலை குவிந்து கிடந்தது. அதே முகத்தை இடம்வலமாகத் திருப்பி, தலைப்பாகையை மட்டும் மாற்றினாள். அவர்களும் கும்பிட்டார்கள்.

இரு தளவாய்களும் மோதியதாகச் சொல்லும் ஆற்றுத்துறைக்கு இரண்டு ஊரும் ஒரே நாளில் தீர்த்தம் எடுக்க வரும். கரட்டூருக்குக் காலை, மற்றவர்களுக்கு மதியம். தங்கள் தளவாய் ஜெயித்த நேரம் அதுதான் என்று இரு ஊருமே சொல்லும். அதனால் ஒருவர் போர்டை மற்றவர் பார்த்ததே இல்லை. இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமானது. இரண்டு டிராக்டரும் எதிரெதிர்க் கரையில் காத்து நின்றன, பதினாறடி போர்டுகளோடு. கரட்டூர்க்காரன் ஒருவன் எதிர்க்கரைப் போர்டைச் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தான்.

"டேய், எங்க தளவாய் மூஞ்சியக் களவாண்டு வச்சிருக்கானுக."

அக்கரையிலும் அதையேதான் சொன்னார்கள். கல் பறந்தது. ஆத்துமேட்டுப்பட்டி ஈஸ்வரபாண்டிக்கு இடது கண் போயிற்று. கரட்டூரில் நான்கு பேரைப் போலீஸ் பிடித்துப் போனது. வெள்ளிக்கிழமை பதில் சொல்வோம் என்று ஆத்துமேட்டுப்பட்டியில் பேச்சு எழுந்தது.

"வாயத் தெறக்காத மாரி. கடையக் கொளுத்திருவாய்ங்க" என்றார் கடைக்காரர் ஸ்டீவன்.

அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அந்த ஆளு யாருன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கண்ண நாந்தான் புடுங்குன மாதிரி இருக்கு" என்றாள் என்னிடம்.

வியாழக்கிழமை ஸ்டேஷனில் சமாதானப் பேச்சு. அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். இரண்டு போர்டிலும் இருப்பது அப்பா முகம்தான் என்றாள், யாரும் நம்பவில்லை. அப்பாவின் தலைத்துண்டை எடுத்துவிட்டாள். தழும்பைப் பார்த்ததும் எல்லோரும் கிட்டே வந்து அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னத்தா, நான் என்ன செஞ்சேன்? எதுக்கு எல்லாரும் இப்பிடிப் பாக்குறாக?" என்றார் தவசி.

சீனிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூட்ட தூக்குறவனுக்கா சூடம் காட்டுனோம்?" என்று பின்னால் யாரோ முனகினார்கள்.

"முடிஞ்சுதுல்ல, கையெழுத்துப் போட்டுக் கெளம்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆத்துமேட்டுப்பட்டிக்காகப் பேச வந்த சண்முகராஜ் பேனாவைக் கையில் எடுத்தவர் போடவில்லை. "ஒன்னே ஒன்னு தாயி. மொதல்ல யாருக்குப் போட்ட?"

தலைகுனிந்திருந்த இரண்டு ஊரும் நிமிர்ந்தன. கரட்டூருக்கு என்றால் ஆத்துமேட்டுப்பட்டி திருட்டுமுகத்தைக் கும்பிட்ட ஊர் என்றாகும். கண் போனதும் அவர்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை கத்தியோடு வருவார்கள்.

"ஒரே நாள்லதான் செஞ்சு வச்சேன், ரெண்டையும். குடுத்ததுதான் முன்னபின்ன" என்றாள் மாரீஸ்வரி.

"எங்களுக்கு எட்டு வருசமாச்சு. பொய் சொல்லுது" என்றார் சீனிச்சாமி. "கம்ப்யூட்டர்ல தேதி இருக்கும்ல. வாங்கடா, போயிப் பாப்போம்."

"நாங்களும் வாரோம்" என்று சண்முகராஜும் எழுந்தார்.

இன்ஸ்பெக்டர் கூப்பிடக் கூப்பிட எல்லோரும் வெளியேறினார்கள். வாசலில் பைக்குகள் ஒவ்வொன்றாக உறுமின. மாரீஸ்வரி ஸ்டீவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, சிஸ்டத்த அழிச்சிருங்க. ஒன்னு விடாம."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? அடுத்த வாரக் கல்யாண ஆர்டர் இருபது கெடக்கு அதுல."

"நான் உக்காந்து திரும்பப் போட்டுத் தாரேன். மொதல்ல அழிங்க. வண்டியெல்லாம் கெளம்பிருச்சு, பத்து நிமிசத்துல அங்கன இருப்பாக."

ஸ்டீவன் ஷட்டரை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. பிறகு கீபோர்டு தட்டும் சத்தம்.